ஒரே வளையத்தில் இரண்டு திறப்பு

சென்ற மாதம் நெல்லியடியில் ஒரு பற்றரிக் கடையில் நின்றபோது, கராஜ் நடத்தும் ஒருவர் என்னை அடையாளம் கண்டு கதை கொடுத்தார். "அண்ணை, இப்ப இம்மொபிலைசர் பிரச்சினை எண்டால் நாங்கள் மினக்கெடுறேல்லை. லப்ரொப்பைக் கொழுவி அதை அழிச்சு விட்டிடுவம். பத்து நிமிச வேலை" என்றார். சொந்தக்காரரிடம் ஒன்றும் கேட்கத் தேவையில்லையோ என்று கேட்டேன். "என்னத்தைக் கேக்கிறது? பழுதானது வண்டிதானே, ஆளில்லையே" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். போகும்போது, தங்கள் சங்க மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார். வீட்டுக்கு வந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. எழுதத்தான் வந்தது.

நான் வாகன மின்வேலைக்காரன். ஊரில் வயரிங் ஆள் என்பார்கள். வேலையை விட்டு நான்கு வருடமாகிறது. கண்ணில் புரை விழுந்தது ஒரு காரணம். சிவப்பு வயரும் மண்ணிற வயரும் ஒன்றாகத் தெரியத் தொடங்கினால் எழும்பிவிடுவதுதான் மரியாதை. கலியாணம் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று துளைத்துக்கொண்டிருந்தவர்களும் இப்போது கேட்பதை விட்டுவிட்டார்கள். வீட்டில் வானொலி கதைக்கும், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாட்களில் பால்காரரிடம் "நாளைக்கும் ஒரு போத்தல்" என்று சொல்வதுதான் அன்றைக்கு நான் கதைத்த முழுக் கதையாக இருக்கும்.

தொழில் பழகிய காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டினேன், கழுவினேன், ஏச்சு வாங்கினேன். யுத்தத்தால் பெற்றோல் கிடைக்காத நாட்களில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுக்குத் திறப்பு என்கிற சாவியே தேவைப்படவில்லை. இரண்டு வயர்களைத் தொட்டுவிட்டால் இருமிக்கொண்டு கிளம்பும். வண்டி என்றால் இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பை உடைத்தவர் அருளப்பு மாஸ்டர். குருநகர் ஆள். யாழ்ப்பாணப் பட்டினத்தில் அவருடைய கராஜ் இருந்தது. சத்தம் போடமாட்டார். வண்டியோடு ஒருவர் வந்தால், மாஸ்டர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் கேட்பார். கேட்டு முடியும்வரை பொனற்றைத் தொடமாட்டார். அவரிடம் வேலை அட்டை ஒன்று உண்டு. அதன் முதல் வரி, "உரிமையாளர் சொன்னபடி". அதில் உரிமையாளர் வாயால் சொன்னதைச் சொன்ன மாதிரியே எழுதவேண்டும். ஒருமுறை நான் கெட்டித்தனமாக "டைனமோ பழுது" என்று எழுதினேன். மாஸ்டர் அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"அவர் டைனமோ எண்டு சொன்னவரோ?"

"இல்லை மாஸ்டர். இரவிலை லைற் மங்குது எண்டவர்."

"அப்ப அதை எழுதும். டைனமோ உம்மடை யோசினை. உம்மடை யோசினைக்கு இந்த அட்டையிலை இடமில்லை."

அட்டையைக் கிழித்து, நான்காக மடித்து, தன் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு புது அட்டை தந்தார். குப்பையில் போட்டிருந்தாலும் இவ்வளவு சுட்டிராது.

அவருடைய இன்னொரு சட்டம் திறப்பைப் பற்றியது. வண்டியில் வேலை தொடங்கமுன் திறப்பைக் கொத்திலிருந்து கழற்றித் தனியே போடவேண்டும். வீட்டுத் திறப்பு, பெட்டகத் திறப்பு, பிள்ளையார் படம் எல்லாம் தொங்கினால் பாரத்தில் திறப்புப் போடும் குழல் தேய்ந்துவிடும் என்பார். வேலை முடிந்ததும் வாங்கியது போலவே கோர்த்துத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இந்தச் சட்டத்தை நான் கடைசிவரை ஒருநாளும் மீறியதில்லை. அதுதான் என்னைக் கவிழ்த்தது.

யுத்தத்தில் மூடியிருந்த பாதை திறந்து கொழும்பு வாகனங்கள் வரத் தொடங்கியபோது இம்மொபிலைசரும் வந்தது. தென்மராட்சியிலிருந்து ஒரு வான் வந்து நின்றது. ஸ்ராட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. எனக்குத் தெரிந்த வயர்களையெல்லாம் தொட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் மாஸ்டர் வந்து, வழமைபோல் கையைக் கட்டிக்கொண்டு சொந்தக்காரரிடம் கேட்டார்: "இந்தத் திறப்பை எங்கை வெட்டினனீங்கள்?" பழைய திறப்பு தொலைந்ததால் சந்தையில் புதிதாக வெட்டியதாம். மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது இன்னும் மோசம்.

அன்றுதான் விஷயம் விளங்கியது. அந்த மாதிரித் திறப்பின் கறுப்புத் தலைக்குள் நெல்லளவு சிப் ஒன்று இருக்கும். திறப்புப் போடும் குழலைச் சுற்றி ஒரு செப்புக் கம்பிச் சுருள். திறப்பைத் திருப்பியதும் சுருள் "நீ ஆர்?" என்று கேட்கும். சிப் தன் இலக்கத்தைச் சொல்லும். இலக்கம் சரியென்றால் டாஷ்போட்டில் சிவப்பு விளக்கு அணைந்து எஞ்சின் பிடிக்கும். பிழையென்றால் விளக்கு கண்ணைச் சிமிட்டும், எஞ்சினுக்கு டீசல் போகாது. சந்தையில் வெட்டிய திறப்பு கதவைத் திறக்கும், கேள்விக்குப் பதில் சொல்லாது.

இனி, நான் எழுத வந்த கதை. நெல்லியடியில் என் சொந்தக் கராஜின் கடைசி வருடம். மாஸ்டர் காலமாகி நெடுநாள். புத்தூரிலிருந்து தர்மலிங்கம் என்பவர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவருடைய அக்காவின் கணவர், நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இறந்து ஒன்பது நாள். பிள்ளைகள் இல்லை. அத்தானின் பழைய ஜீப் முற்றத்தில் நிற்கிறது, ஸ்ராட் வரவில்லை, பந்தலுக்கு இடைஞ்சல் என்றார்.

ஜப்பான் டீசல் ஜீப். உயரமான வண்டி, பின்கதவில் மேலதிகச் சில்லு, கதவு றப்பருக்குள் இன்னும் வன்னிப் புழுதி. நன்றாக வைத்துப் பார்த்த வண்டி என்று கண்டவுடன் தெரிந்தது. பந்தலுக்குள் ஆண்கள் கதிரை போட்டு இருந்தார்கள். இறந்த சேர்வேயரின் மனைவி, தர்மலிங்கத்தின் அக்கா, உள்ளே. கதவு நிலைக்கு அப்பால் ஒரு வெள்ளைச் சேலையின் ஓரம் தெரிந்தது. சாவுத் துடக்கு வீட்டில், முப்பத்தொரு நாள் கழியமுன், புருஷனை இழந்தவவிடம் பிறத்தி ஆம்பிளை போய் வண்டியைப் பற்றி விசாரிப்பது எங்கள் பக்கத்தில் அழகில்லை. நான் அந்தப் பக்கம் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, தர்மலிங்கத்திடம் திரும்பினேன்.

"எப்ப தொடங்கினது?"

"அத்தான் செத்ததுக்குப் பிறகுதான் அண்ணை. அதுவரைக்கும் ஒரு குறையுமில்லை."

"கடைசியா ஆர் ஓடினது?"

"அது அக்காதான், ஆஸ்பத்திரிக்கு. அதை விடுங்கோ. நீங்கள் முதல்லை பற்றரியைப் பாருங்கோ."

அட்டையின் முதல் வரியில் "சாவுக்குப் பிறகு ஸ்ராட் வரவில்லை" என்று எழுதினேன். உரிமையாளர் சொன்னபடியாம். சொன்னவர் உரிமையாளரின் தம்பி.

பித்தளை வளையம் ஒன்றைத் தந்தார். அதில் ஜீப்பின் திறப்புகள் இரண்டும் கோர்த்திருந்தன. வழக்கம்போல் இரண்டையும் கழற்றி வேறுவேறாக வைத்தேன். முதலாவதைப் போட்டேன். விளக்கு அணைந்தது, எஞ்சின் பிடித்தது. நிறுத்தி இரண்டாவதைப் போட்டேன். அதுவும் பிடித்தது. தர்மலிங்கம் என்னை மந்திரவாதியைப் பார்ப்பது போலப் பார்த்தார். எஞ்சின் அடியில் ஏர்த் வயர் பூத்துப்போயிருந்தது. அதுதான் காரணம் என்று சொல்லி, சுரண்டி, இறுக்கி, இரண்டு திறப்பையும் வளையத்தில் கோர்த்துக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் விடிய தொலைபேசி வந்தது. பழையபடி விளக்குச் சிமிட்டுகிறதாம், பிடிக்கவில்லையாம்.

இரண்டாம் முறை, நடுவழியில் நின்றுவிடுமோ என்று கட்டி இழுத்து நெல்லியடிக்குக் கொண்டுவந்தேன். நான்கு நாள் வைத்திருந்தேன். வெயிலில் விட்டுப் பார்த்தேன், தண்ணீர் அடித்துப் பார்த்தேன், கடும் சூட்டிலும் ஆறிய பிறகும் பார்த்தேன். ஒருமுறைகூட ஏமாற்றவில்லை. ஸ்ரேறிங் மூடியைக் கழற்றிச் சுருளை மீற்றரில் அளந்தேன். அளவு சரி. ஆனாலும் மனம் கேட்காமல், கழிந்த வண்டியொன்றிலிருந்து எடுத்த சுருளை மாற்றினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாளில் மறுபடி நின்றது. மூன்றாம் முறை வயர்க் கட்டு முழுவதையும் விரித்து, ஒவ்வொரு சொக்கற்றாகத் துடைத்து, கறுத்த இரண்டை மாற்றினேன். என் கையில் இருக்கும்போது நல்ல பிள்ளை, அந்த முற்றத்துக்குப் போனால் பிடிவாதம். இடையிடையே அங்கேயும் ஸ்ராட் வந்துவிடும். அதுதான் பெரிய தொல்லை.

வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள், சேர்வேயர் வண்டியை விடுகிறாரில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு மாமி சொல்லி நீத்துப்பூசணி வெட்டினார்கள். அதன்பிறகு இரண்டு தரம் ஸ்ராட் வந்ததாம். பூசணிக்காய்க்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாம் முறை போனபோதுதான் தர்மலிங்கம் என்னைத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னார்.

"அண்ணை, அக்கா ஒரே பிடியாய் நிக்கிறா. முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டி அண்டு அஸ்தி முட்டியை அந்த ஜீப்பிலைதான் கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோக வேணுமாம், தானே ஓட வேணுமாம். அத்தானுக்கு வாக்குக் குடுத்தவவாம். முப்பத்தொண்டிலை ஒரு பொம்பிளை ஜீப் ஓடிக்கொண்டு வந்தால் சனம் என்ன சொல்லும்? ஒரு கணக்குக்கு வண்டி கிடக்கிறதும் நல்லதுதான்."

நான் தலையாட்டினேன் என்றுதான் ஞாபகம். அடுத்த முறை நின்றபோது, எனக்கும் அலுத்துவிட்டது. இம்மொபிலைசரின் கொம்பியூட்டர்ப் பெட்டி செத்துவிட்டது, இந்தப் பழைய வண்டிக்கு அது எடுக்க ஏலாது, வைத்திருந்து பிரயோசனமில்லை என்று தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொன்னேன். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தர்மலிங்கம் உதிரிப்பாகத்துக்கு வாங்கும் ஒருவரைப் பிடித்தார். அந்தியேட்டி முடிந்த மறுநாள் லொறி வரும் என்று ஏற்பாடு.

கழற்றிய பழைய பாகங்களை உரியவரிடம் கொடுத்துவிடுவது என் வழக்கம். முப்பதாம் நாள் காலை, பழைய சுருளையும் இரண்டு சொக்கற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு புத்தூருக்குப் போனேன். பந்தல் வெறுமையாக இருந்தது. தர்மலிங்கம் அந்தியேட்டிச் சாமான் வாங்கச் சுன்னாகத்துக்குப் போயிருந்தார். பையைக் கதிரையில் வைத்துவிட்டுத் திரும்பியபோது அந்த அம்மா வெளியே வந்தா. மெலிந்த, உயரமான ஆள். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

"தம்பி, ஒண்டு கேக்கலாமோ? உண்மையா அது இனி ஓடாதோ?"

நான் பெட்டி, சிப், இலக்கம் என்று ஏதோ அளந்தேன். அவ குறுக்கிடாமல் கேட்டா. முடிந்ததும் சொன்னா:

"முதல் நாளே உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும் எண்டு கதவடியிலை வந்து நிண்டனான். நீங்கள் தர்முவோடை கதைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

"சொல்லுங்கோ அக்கா."

"இவரைச் சுடலைக்குக் கொண்டுபோன அண்டு பின்னேரம், இவற்றை சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை இவற்றை திறப்புக் கிடந்தது. எங்களிட்டை ஆளுக்கொரு திறப்பு. எங்கையும் துலைஞ்சு போகும் எண்டு அதை எடுத்து என்ரை வளையத்திலை கோத்தனான். அடுத்த நாளிலையிருந்துதான் வண்டி மாட்டன் எண்டுது. அதுக்கும் இதுக்கும் ஏதும் இருக்குமோ தம்பி? நான் விளங்காமல் கேக்கிறன்."

"வளையத்தைத் தாங்கோ" என்று கேட்டு வாங்கினேன். முதல் முறையாக, கழற்றாமல், இரண்டும் தொங்கத் தொங்கப் போட்டுத் திருப்பினேன். விளக்குச் சிமிட்டியது. எஞ்சின் பிடிக்கவில்லை. ஒன்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மற்றதைத் திருப்பினேன். உடனே பிடித்தது. சேர்த்துப் போட்டேன், பிடிக்கவில்லை. பிரித்துப் போட்டேன், பிடித்தது. ஐந்து தரம் செய்தேன். சுருள் கேட்கும் கேள்விக்கு இரண்டு சிப்பும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் அதற்கு ஒன்றும் விளங்காது. இரண்டாவது திறப்பு குழலுக்குக் கிட்டத் தொங்கினால் குழப்பம், கொஞ்சம் விலகி ஆடினால் அதிர்ஷ்டம். இடையிடையே ஸ்ராட் வந்ததன் மர்மம் அவ்வளவுதான். கழற்றிக் கழற்றிப் பார்த்ததால் என் கையில் ஒருநாளும் பிழை வரவில்லை. கோர்த்துக் கோர்த்துக் கொடுத்ததால் அந்த வீட்டில் பிழை தீரவில்லை. இருபத்தொரு நாளாக அந்தப் பழுதை நானேதான் வளையத்தில் பூட்டிப் பூட்டிக் கொடுத்திருக்கிறேன்.

"அக்கா, வண்டியிலை ஒரு பிழையுமில்லை. பிழை என்னிலைதான். முதல் நாளே உங்களிட்டைக் கேட்டிருக்க வேணும்."

அவ கோபிக்கவில்லை. ஜீப்பின் மட்காட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றா.

"நீங்கள் மட்டுமில்லைத் தம்பி. முப்பது நாளா எத்தினை பேர் வந்து போட்டினம். அழாதேங்கோ எண்டினம், சாப்பிடுங்கோ எண்டினம். என்ன சமைக்கிறது, ஆருக்குச் சொல்லுறது, வண்டியை என்ன செய்யிறது, எல்லாம் தர்முவோடைதான் கதைக்கினம். நான் உள்ளுக்கை இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறன். இவர் இருந்திருந்தால் என்னட்டைத்தான் கேட்டிருப்பார்."

உள்ளே போய் வண்டியின் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினா. உரிமையாளர் என்ற இடத்தில் அவவின் பெயர்தான் இருந்தது, மகேஸ்வரி. விற்பதற்குக் கையெழுத்து வைக்கச் சொல்லித் தம்பியார் கொடுத்த கடதாசியும் அதற்குள் இருந்தது, வெறுமையாக. எனக்கு நிலத்தைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

தர்மலிங்கம் வரும்வரை நின்று, அவரிடம் நேரே சொன்னேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"நீங்கள்தானே அண்ணை செத்த வண்டி எண்டு சொன்னனீங்கள்? நான் லொறிக்காரனுக்கு வாக்குக் குடுத்திட்டன்."

"ஓம். நான் பாராமல் சொன்ன பொய் அது. லொறிக்காரரோடை நான் கதைக்கிறன்."

"சரி, வண்டி கிடக்கட்டும். ஆனால் நாளைக்கு அக்கா ஓடேலாது."

"தர்மு," என்றா அவ, கதவடியில் நின்று. "நான் ஓடுறன்." அவ்வளவுதான் சொன்னா. தர்மலிங்கம் சாமான் பைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

முப்பத்தோராம் நாள் விடிய, சொந்தக்காரர்கள் இரண்டு வானில் ஏறினார்கள். ஜீப்பில் ஏற ஆளில்லை. வழியில் நின்றுவிடும் என்ற பயம் பாதி, சனம் பார்க்கும் என்ற கூச்சம் பாதி. கடைசியில், கொள்ளி வைத்தவரான தர்மலிங்கத்தின் மகன் முட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்சீற்றில் ஏறினார். "நீங்களும் வாங்கோவன் தம்பி, முன்னுக்கு இடமிருக்குது" என்று அவ என்னைக் கேட்டா. எனக்கு ஏற ஆசை இருந்தது. ஆனால் பந்தலடியில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மோட்டார்சைக்கிளில் பின்னால் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கோழைத்தனத்துக்கு இன்றைக்கும் எனக்குள் கூச்சம் உண்டு. சேர்வேயரின் திறப்பை மட்டும் என்னிடம் தந்தா, வண்டிக்குக் கிட்ட இருக்கக்கூடாது என்று நான் சொல்லியிருந்தபடியால்.

மல்லாகம், தெல்லிப்பழை தாண்டிக் கீரிமலைவரை அந்த ஜீப்பின் பின்கதவைப் பார்த்துக்கொண்டே போனேன். நிதானமான ஓட்டம். கியர் மாற்றுவது காதுக்குத் தெரியவில்லை. கடற்கரையில் ஐயர் கிரியையைச் செய்தார். ஆண்கள் சூழ்ந்து நின்றார்கள். அவ எட்டத்தில் ஒரு கல்லில் இருந்தா. அஸ்தியைக் கடலில் விட்டபோது மட்டும் எழும்பி நின்றா.

கேணியில் முழுகி முடிந்ததும், வீட்டுக்கிருத்தியத்துக்கு நேரமாகிறது என்று எல்லோரும் அவசரப்பட்டு வான்களில் ஏறிப் போனார்கள். தர்மலிங்கத்தின் மகனும் தகப்பனோடு போய்விட்டார். ஜீப்படியில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்து நீட்டினேன். தனி வளையத்தில் போட்டு அலுமாரிக்குள் வைக்கும்படியும், மற்றது தொலைந்தால் இது இல்லாமல் சிரமம் என்றும் சொன்னேன்.

அவ வாங்கவில்லை. அதையே கொஞ்ச நேரம் பார்த்தா.

"நீங்களே வைச்சிருங்கோ தம்பி. வீட்டிலை இருந்தால் நான் திரும்பவும் கோத்துப்போடுவன்."

ஏறிக் கதவைச் சாத்தினா. நான் திறப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஜீப்பை விட்டுப் பத்தடி தள்ளிப்போய் நின்றேன். அவ்வளவு தூரம் தேவையில்லை, ஆனாலும் நின்றேன். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது.